பஸ் போகிற தெரு

எங்கள் நகராட்சியில் பட்ஜெட் கூட்டத்துக்குப் போகிற கவுன்சிலர் முதலில் செய்வது கையெழுத்துப் போடுவதுதான். மன்றக் கூடத்து வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன்மேல் இரண்டு நோட்டு. ஒன்று வருகைப் பதிவேடு, இன்னொன்று தீர்மானப் புத்தகம். பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் மெதுவடை, பிளாஸ்கில் டீ, பட்ஜெட் அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஆளுக்கொரு ஜிப் வைத்த பை. இரண்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே என்ன பேசப் போகிறார்கள், நமக்கு அது சம்மதமா என்பதெல்லாம் அப்புறம். கூட்டம் முடிந்தால் பாதிப் பேர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்று எழுத்தர் அலுத்துக்கொள்வார். வயசான மனுஷன். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. முதல் வருஷம் நான் வடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

நான் கவுன்சிலர் ஆன கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிற்க வேண்டும் என்று நாலு வருஷமாகக் கல்யாணம், கருமாதி ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "நீ நில்லு, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் நின்றேன், ஜெயித்தேன், அவரைப் பார்த்துக்கொள்ள விடவில்லை. எனக்குக் கோபம் ஜாஸ்தி. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன், எனக்குப் படிக்கத் தெரியும், எனக்கு இன்னொருத்தர் எதற்கு என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். படிக்கத் தெரிந்தும் படிக்காமல் விட்டதுதான் பின்னால் என்னை முழுங்கியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப் பக்கம் போகிற வழியில், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆனது. ஊர் பெருத்ததா, வாசல் பலகை பெருத்ததா என்று கேட்டால் பலகைதான் என்பேன். எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. தெருவைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் கரும்பு, அதற்கும் அப்பால் கல்வராயன் மலை. தெருவில் இருக்கிறவர்கள் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள். வீடுகள் அரசாங்கத் திட்டத்தில் கட்டிய ஒற்றை அறைக் காங்கிரீட் வீடுகள். மெயின் ரோட்டுக்குப் போக இருபது நிமிஷம் நடக்க வேண்டும், தலையில் சுமை இருந்தால் இன்னும் கூட ஆகும்.

தினமும் தலைச்சுமையோடு ஊருக்குள் நடந்துகொண்டிருந்தவர் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த கீரைக்கார அக்கா. புருஷன் இல்லை. ஒரே மகளைக் கச்சிராயபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பாத்தி போட்டு, அறுத்த கீரையை எங்கள் ஊருக்குள்ளேயே கூவி விற்றுக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பி மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். முட்டிவலி உள்ள உடம்பு.

நான் கவுன்சிலரான முதல் மழையில் மெயின் ரோட்டுத் தரைப்பாலம் உள்வாங்கிக்கொண்டது. பஸ்ஸைத் திருப்பிவிட இரண்டு வழி இருந்தது. ஒன்று ஏரிக்கரை, இன்னொன்று எங்கள் தெரு. நான் அலைந்து திரிந்து மனு கொடுத்தேன். மனுவால் வந்ததா, ஏரிக்கரை சேறாகிக் கிடந்ததால் வந்ததா தெரியாது, ஒரு நாள் விடியற்காலையில் டவுன் பஸ் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

"யம்மா கவுன்சிலரு! பஸ்ஸு நம்ம தெருவுல வந்துகினு இருக்குது, ஓடியாம்மா!" என்று அக்கா போட்ட கூச்சலில் நான் தலையைக்கூட முடியாமல் ஓடினேன்.

பஸ்ஸை நிறுத்தி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார் அக்கா. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டிரைவர், "யக்கா, டைம் ஆவுது, உடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே கெஞ்சினார். பாலம் உடைந்ததால் வந்த பஸ்ஸை நான்தான் கொண்டுவந்தேன் என்று தெருவே நம்பியது. இரண்டு நாளில் நானும் நம்பிவிட்டேன். என் படம் போட்டுத் தெருமுனையில் பேனர் வைத்தார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "கட்டுன புருஷன் பொழப்புலயே கை வச்சிட்ட பாத்தியா" என்று கேட்டார். அவர் ஆட்டோவில் ஏறுகிற பெண்கள் எல்லாம் பெண்களிடம் காசு வாங்காத டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்.

அக்கா கால் காணி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை என்று விதைத்தார். கூடையையும் பெரிதாக வாங்கினார். வாசலிலேயே குழாய் இருந்ததால் சாயங்காலம் அறுத்த கீரையைத் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு போட்டு மூடி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். பத்து மணிக்கெல்லாம் காலிக் கூடையோடு திரும்பிவிடுவார். வரும்போது என் வீட்டு ஜன்னலில் ஒரு கட்டுக் கீரை செருகியிருக்கும். காசு கொடுத்தால் முறைப்பார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். தெருவுக்குத் தார் ரோடு வேண்டும் என்று இன்ஜினியரிடம் போய் நின்றபோது, "பஸ் போற ரோடுன்னு உங்க லெட்டர் பேடுல ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்கம்மா, எஸ்டிமேட் போட சுலுவா இருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது உண்மையும்கூட. எனக்கோ லெட்டர் பேடு புதுசு. வீட்டுக்கு வந்து, கை கழுவி, நிதானமாக எழுதினேன். எங்கள் தெரு நிரந்தரமாகப் பேருந்து செல்லும் சாலை என்று எழுதிக் கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். நிரந்தரமாக என்ற வார்த்தையை இன்ஜினியர் கேட்கவில்லை. எழுத்தில் ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

தார் ரோடு பாதித் தெரு வரைக்கும் வந்தது.

அந்த வருஷ பட்ஜெட் கூட்டத்தில்தான் சொத்து வரிச் சீராய்வும் வந்தது. வரியை உயர்த்தினால்தான் மேலிருந்து மானியம் வரும், மானியம் வந்தால்தான் குழாயும் விளக்கும் வரும் என்று கமிஷனர் பொறுமையாக விளக்கினார். தெருக்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்திருந்தார்கள். தடித்த புத்தகம். நான் என் வார்டுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடினேன். எங்கள் தெருவின் மறுபாதிக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கடைசியில் பொடி எழுத்தில் நாலைந்து பக்கம் தெருப் பட்டியல் இருந்தது. அதை நான் புரட்டவில்லை. யாரோ "ஆல் பாஸ்" என்றார்கள். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன். தட்டிலிருந்த வடை ஆறுவதற்குள் எங்கள் ஊரின் ஒரு வருஷம் முடிவாகிவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்து பில் கலெக்டர் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தார். அக்கா ஈரக் கையோடு என் வீட்டுக்கு வந்தார். காகிதம் நனையக் கூடாது என்று முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"இன்னாம்மா எழுதியிருக்குது? போன வாட்டிக்கு இப்ப ரொம்ப ஜாஸ்தின்னு பில் கலெக்டர் சொல்றாரு. கட்டலன்னா கொழாய கட் பண்ணிடுவாங்களாமே."

படித்தேன். பழைய வரியைப் போல மூன்று பங்கு இருந்தது. பிழையாக இருக்கும் என்று நினைத்து என் வீட்டு நோட்டீஸைப் பிரித்தேன். அதிலும் மண்டலம் என்ற இடத்தில் ஏ என்று இருந்தது. கடைவீதி ஏ, நகைக்கடைத் தெரு ஏ, எங்கள் தெருவும் ஏ. என் வாசலில் அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நகராட்சிக்குக் கிளம்பினேன்.

வருவாய்ப் பிரிவில் சத்தம் போட்டேன். கடைசித் தெருவைக் கடைவீதியோடு சேர்த்தவன் எவன் என்று கேட்டேன். வருவாய் ஆய்வாளர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒரு ஃபைலைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் லெட்டர் பேடு. என் கையெழுத்து.

"உங்க தெரு சி-லதாம்மா இருந்துச்சி. பஸ் போற ரோடுன்னா ஏ. நாங்களா மாத்தலீங்க. நீங்களே நிரந்தரம்னு எழுதியிருக்கீங்க பாருங்க."

எனக்குத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "இதுக்கு வழியே இல்லீங்களா?" என்று கேட்டேன். குரல் தானாக இறங்கிவிட்டிருந்தது.

"பஸ் வேணாம்னு தெரு ஜனங்க எழுதிக் குடுத்தா, ஏரிக்கரை வழியா விட்டுடுவாங்க. இப்ப காஞ்சிதான் கெடக்குது. பஸ் போகலைன்னா நான் உடனே நோட் போடுறேன். பணம் கட்டுறதுக்கு முன்னாடின்னா திருத்திடலாம். கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி அடியில் தெருவைக் கூட்டினேன். கடிதம் எழுதியது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பஸ் வேண்டுமா, பழைய வரி வேண்டுமா என்று கேட்டேன். பஸ் வேண்டாம் என்று நாலைந்து ஆண்கள் சொன்னார்கள். அப்போது அக்கா எழுந்தார்.

"வரி வருசத்துக்கு ரெண்டு தபா வரும். பஸ்ஸு தெனம் வருது. பஸ்ஸு இருந்தா நான் அந்த வரிய கட்டிடுவேன். பஸ்ஸு போச்சின்னா பழைய வரிகூட என்னால கட்ட முடியாது. கால் காணி கீரைய இந்தத் தெருவுலயா விக்க முடியும்? ஆளுக்கு ஆளு யோசிங்க."

படிக்கிற பிள்ளைகளை வைத்திருந்த பெண்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கை தூக்கச் சொன்னேன். பஸ்ஸுக்குத்தான் கை அதிகம். அத்தனை வருஷத்தில் நான் பார்த்த உண்மையான ஓட்டெடுப்பு அது ஒன்றுதான். யாரும் முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

அக்கா தான் வளர்த்த ஆட்டை விற்று முதல் ஆளாக வரியைக் கட்டினார். ரசீதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். நானும் கட்டினேன். தெருமுனையில் பேருந்து நிறுத்தம் என்று ஒரு பலகை நட்டு, பக்கத்தில் சுமை இறக்கி வைக்க இடுப்பளவு சிமெண்ட் மேடை ஒன்றும் கட்டச் செய்தேன். வாங்கிய வரிக்குத் தெருவுக்கு ஏதாவது தெரியட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பாலம் ஆடி மாதத்தில் முடிந்தது. திறப்பு விழாவுக்கு அழைத்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சேர்மன் ரிப்பன் வெட்ட, கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பாலம் வேண்டும் என்று எல்லாரும் கேட்டதுதானே, நானும் கைதட்டினேன். திரும்பி வருகிற வழியில்தான் இனி பஸ் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தேன். மறுநாள் காலையில் அக்கா ஐந்து மணியிலிருந்து மேடையில் கூடையை வைத்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறும் வரை நின்றார். பஸ் புதுப் பாலத்தில் நேராகப் போய்விட்டது.

டிப்போவுக்குப் போனேன். மரியாதையாகப் பேசினார்கள். எங்கள் தெரு வழி தற்காலிக மாற்றுப்பாதை என்றுதான் அவர்கள் காகிதத்தில் இருந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நகராட்சிக்கு ஓடினேன். இதோ பஸ் இல்லை என்று காகிதமே இருக்கிறது, தெருவைப் பழையபடி சி-க்கு இறக்குங்கள் என்றேன். வருவாய் ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. இப்ப எல்லாரும் கட்டிட்டாங்க. மன்றம் தீர்மானம் போட்டது, மன்றத்துலதான் மாத்தணும். இல்லன்னா அடுத்த சீராய்வுல பாக்கலாம்." அடுத்த சீராய்வு எப்போது என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொன்னார்.

அடுத்த பட்ஜெட் வரும் வரை அந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்காவின் இரண்டாவது அரையாண்டு வரி பாக்கி விழுந்துவிட்டது. குழாயை எடுக்கப் போகிறோம் என்று ஒரு முறை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் நாலு நாள் அக்காவைச் சும்மாவே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் அக்கா வாசலில் நின்று, "தம்பி, உன் பொழப்பையும் சேத்துக் கெடுக்கவா?" என்று சொல்லி நடக்க ஆரம்பித்துவிட்டார். பாதிப் பாத்தி கீரை முற்றிப் பூத்து நின்றது. என் ஜன்னலில் கீரைக்கட்டு மட்டும் நிற்கவில்லை. அதை எடுத்து ஆய உட்கார்ந்தால் எனக்கு அழுகை வரும். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பட்ஜெட் அன்றைக்கு வாசல் மேசையில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேசிவிட்டு வந்து போடுகிறேன் என்றேன். எழுத்தர் பதறிவிட்டார். "யம்மா, ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது, என்ன மாட்டி உட்டுடாதீங்க." அவரைத் தாண்டி உள்ளே போனேன். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்க்காமலே பேசினேன். கடிதம் என் தவறு, அதற்கு என் தெரு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டேன். கீரைக் கூடையைப் பற்றிச் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. சேர்மன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"தங்கச்சி சொல்றது அத்தனையும் நெசம்" என்றார் அவர். "ஆனா ஒரு தெருவ இறக்குனா இருக்கற தெரு எல்லாம் கேக்கும். மானியம் நின்னுடும். உனக்கு இஷ்டமில்லன்னா எதிர்ப்புன்னு பதிவு பண்ணிடலாம். ஆனா பட்ஜெட் பூராவும் ஒரே தீர்மானம்தான், தெரியுமில்ல? உன் வார்டு கொழாய் வேலையும் அதுலதான் இருக்குது. அதையும் எதிர்த்த மாதிரிதான் ஆவும்."

போன வருஷம் ஒதுக்கிய அந்தக் குழாய் நீட்டிப்பு நிதி இல்லாமல் நின்று, இந்த வருஷத்துக்குத் தள்ளி வந்திருந்தது. தெருவின் மறுபாதியில் பதினாறு வீடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பு என்று பதிவு செய்யச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். யாரோ மெதுவாக "ஆல் பாஸ்" என்றார்கள். இந்த முறை மேசையைச் சத்தமாகத் தட்ட எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அதனால் லேசாகத் தட்டினார்கள். வாசலில் எழுத்தர் இரண்டு நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். பையை வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் என் கையில் மாட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் விடியும் நேரத்தில் தெருமுனைக்குப் போனேன். மலை அப்போதுதான் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அக்கா பஸ் நிறுத்தப் பலகைக்குப் பக்கத்தில், நான் கட்டவைத்த சிமெண்ட் மேடையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு முட்டியைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். ஏதாவது ஒரு கெட்ட வார்த்தை வரும் என்று நின்றேன்.

"நீ ஒருத்தி இன்னாம்மா பண்ணுவ" என்றார். "அந்தாண்ட வூட்டுங்களுக்கு தண்ணி வருதுல்ல, போவுது உடு." பிறகு சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். "வந்தது வந்த, ஒரு கை தூக்கி உடு. முட்டி மடங்க மாட்டேங்குது."

குனிந்து கூடையைப் பிடித்தேன். தண்ணீர் தெளித்த கீரை அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடுப்பு வரை தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. அவர் தலையில் வைத்ததும் கழுத்து ஒரு நிமிஷம் ஆடி நின்றது. என் புடவையெல்லாம் ஈரம். அக்கா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, தார் போட்ட பாதியைத் தாண்டி, மண்ணாக இருக்கிற மறுபாதியில் இறங்கி மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் கவுன்சிலராக இருந்த காலம் முழுவதும், என் கையால் அவருக்குச் செய்து கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.